குழி இல்லாத படம்

முதல் படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.
"வெள்ளையாக மட்டுமே தெரிகிறது" என்று ஒரு குறிப்பு.
ஜனவரியில் மழை பெய்ததை
வெள்ளையில் எப்படிக் காட்டுவது?

பெய்தது இரண்டே இரவுதான்.
தகரக் கூரையில் அந்தச் சத்தம் கேட்டு
யொவ்னா எழுந்து உட்கார்ந்தான்.
காலிக் கெட்டிலைத் தூக்கி
மறுபடி அதே இடத்தில் வைத்தான்.
மூன்றாம் நாள் எல்லாம் உறைந்தது.

இரண்டாவது படத்துக்காகப் பனியை வெட்டினேன்.
தொடையளவு ஆழம், நேரான சுவர்,
அளவு தெரிய என் கத்தியைச் செருகி வைத்தேன்.
மேலே நேற்றைய தூவல்.
நடுவே காற்று அடித்து இறுக்கியது.
அடியில், பாசியை ஒட்டி,
சர்க்கரையாய் உதிரும் செயங்காஷ் இருக்கவேண்டிய இடத்தில்
கண்ணாடி.
எங்கள் பேச்சில் அதற்குப் பெயர் சுவொஹ்கி.
சொல்லும்போதே நாக்கு எதிலோ முட்டும்.

கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு?
ஆல்டாவில் இருக்கிற அலுவலகத்துக்கு வேண்டும்.
கண்ணாடி வேண்டும், தேதி வேண்டும்,
அட்சரேகை தீர்க்கரேகை வேண்டும்,
கண்ணாடி பிடித்த கையின் கையெழுத்தும் வேண்டும்.
பிறகுதான் தீவன மூட்டை.

ஹென்னிங் எழுதினார்:
"ஓர் இடத்தில் நான்கு சென்டிமீட்டர் ஐஸ். சரி.
மேய்ச்சல் நிலம் முழுக்க இப்படித்தான் என்று
எதை வைத்துச் சொல்கிறீர்கள்?"
நல்ல மனிதர். கேள்வியும் நல்ல கேள்விதான்.
இரண்டு நாள் எனக்குத் தூக்கமில்லை.

நிலம் முழுக்க நான் எப்படித் தோண்டுவேன்?
தோண்டத் தெரிந்தவை ஆயிரத்து இருநூறு
என் கண்ணெதிரே நின்றுகொண்டிருந்தன.

பனிமான் முதலில் மூக்கை வைக்கும்.
அடியிலிருந்து பாசியின் மணம் வந்தால்
முன்னங்கால் இறங்கும், பனி பறக்கும்,
தலை உள்ளே போய் முதுகு மட்டும் மிஞ்சும்.
அந்தக் குழிக்குச் சுவொவ்ஞி என்று பெயர்.
மணம் வராவிட்டால்
நடந்துவிடும்.
ஐஸ் முதலில் பூட்டுவது மணத்தைத்தான்.

சூரியன் திரும்பி வந்து எட்டு நாள் ஆகியிருந்தது.
தரையோடு தரையாய்ச் சாய்ந்த வெளிச்சம்,
ஒரு நகக்கீறல்கூட நிழல் போடும் நேரம்.
பனிவண்டியின் இருக்கைமேல் ஏறி நின்று
பதினொரு படம் எடுத்தேன்.
மேட்டிலிருந்து மேடு வரை
கால்தடம் கால்தடம் கால்தடம்.
எங்கும் நிற்காத கால்தடம்.
ஒரு குழி இல்லை.

போன வருடம் அதே மேட்டில்
நாயைப் படம் எடுத்திருந்தேன்.
நாய்க்குப் பின்னால், மங்கலாக,
அம்மைத் தழும்புபோல் குழி குழியாய்ப் பனி.
இரண்டையும் சேர்த்து அனுப்பினேன்.

அனுப்பிய கையோடு மாரெட்டுக்கும் ஒன்று.
அவளுக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.
அவர்கள் மேய்ச்சல் இன்னும் உயரத்தில்;
அங்கே மழை பனியாகவே விழுந்திருக்கும் என்று
யொவ்னா சொல்லிக்கொண்டே இருந்தான்.
பதிலாக ஒரு படம் வந்தது, ஒரு சொல்கூட இல்லாமல்.
குழிகள்.
அன்றிரவே பாதி மந்தையைப் பிரித்து
மணிகட்டிய பெட்டைமானை முன்னால் விட்டோம்.

ஹென்னிங் போன் செய்தார்.
"புதுப் படத்தில் ஒன்றுமே இல்லையே, ரவ்ட்னா."
"ஆமாம். அதைத்தான் எடுத்தேன்."
மறுமுனையில் மவுஸ் சொடுக்கும் சத்தம்.
பெரிதாக்கிப் பார்க்கிறார்.
பெரிதாக்கிக்கொண்டே போகிறார்.
பிறகு கேட்டார்:
"எத்தனை நாளாக நடக்கின்றன?"

மூட்டைகள் பதினாறாம் நாள் வந்தன.
எல்லாவற்றுக்கும் போதவில்லை.

யாருக்கும் அனுப்பாத படம் ஒன்று இருக்கிறது.
சினையாய் இருந்த ஒருத்தி
வெகுநேரம் மூக்கை வைத்து நின்றுவிட்டுப் போன இடம்.
மூச்சுப் பட்டு உருகி
மறுபடி உறைந்த
காசளவு வட்டம்.
அருகே அளவுக்கு என் கத்தி.